எபிசோடு 37: பால் ஏன் திரிஞ்சது? ஒளிரும் துகள்களும் அவற்றின் பாலிமர் சட்டையும்

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகச் சற்றே திருத்தியது)

இந்த வாரம் ஏ.ஐ. கிடையாது, லேஆஃப் கிடையாது, கோடிங் இன்டர்வியூ கிடையாது. கெமிஸ்ட்ரி. ஃபர்ஸ்ட் இயர்ல இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரியை எப்படியோ பாஸ் பண்ணிட்டு, இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு முடிவு பண்ணவன் நான். ஆனா போன மாசம் ஒரு ராத்திரி, ஒரு கேள்வி என்னைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுச்சு.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். அப்பா சாப்பிட்டு உட்கார்ந்திருந்தவர், "நெஞ்சுல ஏதோ அழுத்துற மாதிரி இருக்குடா"ன்னார். மயிலாப்பூர்ல எங்க வீடு. உடனே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி.யில தெளிவா எதுவும் தெரியலை. ட்ரோபோனின்னு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தாங்க. அது நெகட்டிவ். அப்பாடான்னு எழுந்தா, டியூட்டி டாக்டர் சொன்னாங்க: "இதை மட்டும் வச்சு வீட்டுக்கு அனுப்ப முடியாதுங்க. மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."

மூணு மணி நேரம். அந்த பிளாஸ்டிக் நாற்காலியில நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒண்ணும் பேசலை. நான் போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சேன். ஏன் மூணு மணி நேரம்? ஏன் இப்பவே சொல்ல முடியாது?

ஒரு லிட்டரில் 14 நானோகிராம்

ட்ரோபோனின்ங்கறது இதயத் தசைக்குள்ள இருக்கிற ஒரு புரதம். இதயத் தசை அடிபட்டா, செல்லுக்குள்ள இருந்து அது ரத்தத்துல கசியும். ஆனா கொட்டாது, மெதுவா கசியும். அதனால வலி ஆரம்பிச்ச உடனே ரத்தம் எடுத்தா அளவு ரொம்பக் குறைவா இருக்கும், டெஸ்டோட கண்ணுக்குப் படாமலே போகலாம். பழைய டெஸ்டுகளோட காலத்துல இன்னும் அதிக நேரம் காத்திருக்க வச்சாங்க. நுண்ணுணர்வு அதிகமான டெஸ்டுகள் வந்த பிறகு அது 1 முதல் 3 மணி நேரமா குறைஞ்சிருக்கு.

எவ்வளவு சின்ன அளவைத் தேடறோம்னு பாருங்க. இன்னைக்குப் பரவலா இருக்கிற ஒரு வகை ட்ரோபோனின் டெஸ்டுல, இயல்பு நிலைக்கான மேல் எல்லை ஒரு லிட்டருக்கு 14 நானோகிராம். ஒரு நானோகிராம்னா ஒரு கிராமை நூறு கோடி பங்கா பிரிச்சா வர்ற ஒரு பங்கு.

இதை எப்படிப் பிடிக்கிறாங்க? ஒரு பரப்பு மேல ஆன்டிபாடியை ஒட்டி வைப்பாங்க, அது ட்ரோபோனினைப் பிடிச்சுக்கும். அப்புறம் இரண்டாவது ஆன்டிபாடி வந்து, பிடிபட்ட ட்ரோபோனின் மேல உட்காரும். அந்த இரண்டாவது ஆன்டிபாடியோட முதுகுல ஒரு விளக்கு கட்டியிருக்கும். எத்தனை விளக்கு எரியுதுன்னு எண்ணினா, எவ்வளவு ட்ரோபோனின்னு தெரிஞ்சிடும். சாண்ட்விச் மாதிரி.

சிக்கல் என்னன்னா, ரத்தமும் கொஞ்சம் ஒளிரும். அதுல இருக்கிற புரதங்கள், டெஸ்ட் நடக்கிற பிளாஸ்டிக், எல்லாமே வெளிச்சம் பட்டா லேசா மினுக்கும். பத்து விளக்கு எரியுறப்போ சுத்தி ஆயிரம் மின்மினி இருந்தா எப்படி எண்றது?

கடை சாத்தின பிறகு ரங்கநாதன் தெரு

இங்கதான் லாந்தனைடுகள் வருது. தனிம அட்டவணையில கீழே தனியா ஒதுக்கி வச்சிருப்பாங்களே, 57 முதல் 71 வரைக்கும், அந்த வரிசை. நாம எல்லாரும் பரீட்சைக்கு ஸ்கிப் பண்ணின வரிசை. யூரோப்பியம், டெர்பியம், எர்பியம், யிட்டெர்பியம் எல்லாம் அங்கதான் இருக்கு. இதுல யூரோப்பியம் சிவப்பா ஒளிரும், டெர்பியம் பச்சையா ஒளிரும்.

இவங்களோட விசேஷம் பொறுமை. சாதாரண ஃப்ளோரசன்ட் சாயம் வெளிச்சம் வாங்கின சில நானோ செகண்டுக்குள்ள அதைத் திருப்பிக் கொடுத்துட்டு அணைஞ்சிடும். ரத்தத்தோட சொந்த மினுக்கலும் அப்படித்தான். யூரோப்பியம் நூற்றுக்கணக்கான மைக்ரோ செகண்ட் வரைக்கும் நின்னு எரியும். ஏன்னா அதுல ஒளி தர்ற எலக்ட்ரான்கள் வெளியே இல்லை, அணுவுக்குள்ள ஒரு உள்ளறையில பத்திரமா இருக்கு. அவ்வளவு சுலபமா வெளியே வராது.

தி. நகர் ரங்கநாதன் தெருவுல சாயங்காலம் ஆறு மணிக்கு யாராவது உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா கேட்குமா? கேட்காது. அதே ஆள் ராத்திரி கடையெல்லாம் சாத்தின பிறகு கூப்பிட்டா தெளிவா கேட்கும். அவர் குரல் ஏறலை, கூட்டம் கலைஞ்சது, அவ்வளவுதான். டெஸ்டுலயும் அதே தந்திரம். ஒளியைப் பாய்ச்சிட்டு, சுமார் 400 மைக்ரோ செகண்ட் சும்மா இருக்கணும். மத்த எல்லா மினுக்கலும் அணைஞ்சிடும். அப்போ இன்னும் எரியறது யாரோ, அது யூரோப்பியம். ஃபின்லாந்தின் டுர்கு நகரத்துல 1980களிலேயே இதை வச்சு டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. பிறந்த குழந்தைகளுக்குத் தைராய்டு குறைபாடு இருக்கான்னு பார்க்க இந்த முறை உலகம் முழுக்கப் பயன்பட்டிருக்கு.

இன்னொரு வகையும் இருக்கு. யிட்டெர்பியமும் எர்பியமும் கலந்த சோடியம் யிட்ரியம் ஃப்ளோரைடு துகள்கள். இது மேல கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அடிச்சா, பச்சையும் சிவப்புமா திருப்பித் தரும். குறைஞ்ச ஆற்றல் ஒளியை இரண்டு தவணையா வாங்கிச் சேர்த்து, அதிக ஆற்றல் ஒளியா கொடுக்குது. ரத்தத்துல இருக்கிற வேற எதுவும் இதைச் செய்யாது. அதனால பின்னணி மினுக்கல் கிட்டத்தட்டப் பூஜ்யம். இந்தத் துகள்களை ஒவ்வொண்ணா எண்ணியே ட்ரோபோனின் அளவைச் சொல்லலாம்னு ஆய்வுக்கூடங்கள்ல காட்டியிருக்காங்க.

ஆஹா, முடிஞ்சதே கதைன்னு நினைச்சேன். ஒரு ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சுடலாம்னு கூட நாற்காலியில உட்கார்ந்தபடி ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் விடிஞ்சது.

அடுப்புல திரிஞ்ச பால்

அப்பாவோட இரண்டாவது டெஸ்டும் நெகட்டிவ். காலையில வீட்டுக்கு வந்தோம். அம்மா காபி போடப் பாலை அடுப்புல வச்சாங்க. திரிஞ்சு போச்சு. ராத்திரி ஓடின அவசரத்துல பால் வெளியிலேயே இருந்திருக்கு. "டேய், இதைக்கூட எடுத்து ஃபிரிட்ஜ்ல வைக்கலையாடா"ன்னு ஒரு திட்டு. ராத்திரி முழுக்க அம்மா பேசின முதல் முழு வாக்கியம் அதுதான்.

ராத்திரி நான் படிச்சிட்டிருந்த கட்டுரைகள்ல முக்கால்வாசி எதைப் பத்திப் புலம்புதோ, அதுதான் அந்தப் பாத்திரத்துல நடந்திருந்தது.

பால் வெள்ளையா இருக்கக் காரணம் அதுல மிதக்கிற துகள்கள். கொழுப்பு ஒண்ணு, கேசீன்ங்கற புரத உருண்டைகள் இன்னொண்ணு. கேசீன் உருண்டை ஒவ்வொண்ணும் சராசரியா 100 முதல் 200 நானோமீட்டர். ஆமா, உங்க டம்ளர்ல இருக்கிறது நானோ துகள்கள்தான். இந்த உருண்டைகளோட வெளிப்பக்கம் கப்பா கேசீன்னு ஒரு புரதம், முடி மாதிரி தண்ணிக்குள்ள நீட்டிட்டு நிற்கும். இரண்டு உருண்டை பக்கத்துல வந்தா முடியும் முடியும் இடிச்சு, விலகிப் போயிடும். அதனாலதான் பால் மணிக்கணக்கா பாலாவே இருக்கு.

பாக்டீரியா அமிலம் சேர்க்கச் சேர்க்க, பி.ஹெச். 6.7ல இருந்து கீழே இறங்கும். 4.6 பக்கம் வந்தா அந்த முடியெல்லாம் படுத்துடும், மின்னூட்டமும் போயிடும். உருண்டைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சூடு பண்ணினா 4.6 வர்ற வரைக்கும்கூடக் காத்திருக்காது, முன்னாடியே திரியும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சா பனீர் வர்றதும் இதே கதைதான்.

சரி, துகள்கள் ஏன் ஒட்டணும்? எந்த இரண்டு பொருளையும் ரொம்ப நெருக்கத்துல கொண்டு வந்தா, ஒரு மெல்லிய ஈர்ப்பு இருக்கும். துகள் தண்ணியில சும்மா நிற்காது, மூலக்கூறுகள் இடிச்சு இடிச்சு ஆடிட்டே இருக்கும், ஒண்ணை ஒண்ணு மோதிட்டே இருக்கும். தடுக்க எதுவும் இல்லைன்னா, மோதினது ஒட்டும். ஒட்டினது பெருசாகும். பெருசானது அடியில போய்ப் படியும்.

தடுக்க முதல் வழி மின்னூட்டம். எல்லாத் துகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம் இருந்தா விலக்கிக்கும். இந்த ஈர்ப்புக்கும் விலக்கத்துக்கும் நடக்கிற கணக்கை 1941ல டெர்யாகினும் லாண்டாவும், 1948ல வெர்வேயும் ஓவர்பீக்கும் எழுதி வச்சாங்க. ஆனா அந்தக் கணக்குல உப்புதான் வில்லன். உப்பே இல்லாத தண்ணியில மின்விலக்கம் பல நூறு நானோமீட்டர் தூரம் வரைக்கும் எட்டும். ரத்தத்துல இருக்கிற அளவு உப்பைப் போட்டா, எட்டுற தூரம் ஒரு நானோமீட்டருக்கும் கீழே, சுமார் 0.8 ஆயிடும். கையெட்டும் தூரத்துல தள்ளிவிட்டவனோட கையைக் கட்டிப்போட்ட மாதிரி. ஈர்ப்பு ஜெயிச்சுடும்.

அதனால ரத்தத்துக்குள்ள போற துகளுக்கு மின்னூட்டம் மட்டும் போதாது. பாலோட தந்திரம் வேணும். முடி வேணும். அதுதான் பாலிமர் சட்டை.

சட்டையைக் கழட்டுறவன் யாரு?

இந்த ஒளிரும் துகள்களைத் தயாரிக்கிறப்போ அது மேல ஒலியிக் அமிலம்னு ஒரு எண்ணெய்ச் சட்டை இருக்கும். அதோட சைக்ளோஹெக்சேன் மாதிரி கரைப்பான்ல அழகா மிதக்கும், பளிங்கு மாதிரி தெளிவா இருக்கும். தண்ணிக்குள்ள மட்டும் வராது. எண்ணெயாச்சே. அதனால அந்தச் சட்டையைக் கழட்டிட்டு, தண்ணிக்குப் பிடிச்ச பாலிமரைப் போட்டுவிடணும். ஒரு பிரபலமான தேர்வு, பாலிஅக்ரிலிக் அமிலம். ஒவ்வொரு சங்கிலியிலும் நிறைய கார்பாக்சிலேட் கைகள் இருக்கும், அதெல்லாம் லாந்தனைடு அணுக்களைப் பிடிச்சுக்கும். சுத்தமான தண்ணியில நல்லா மிதக்கும்.

இந்த எபிசோடுக்காக நம்ம கேட்பவர் ஒருத்தர்கிட்ட பேசினேன். சென்னையில கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி பண்றாங்க. அவங்க சொன்னது: "தண்ணியில ஒரு மாசம் அசையாம இருந்துச்சு. பாஸ்பேட் பஃபர்ல போட்டேன், மறுநாள் காலையில அடியில வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. மூணு மாச வேலை." உயிரியல் டெஸ்டுகள் பலதுலயும் அந்த பாஸ்பேட் பஃபர் இருக்கும். ரத்தத்துலயே பாஸ்பேட் இருக்கு. தப்பிக்க வழி இல்லை.

பாஸ்பேட் என்ன பண்ணுச்சு? இதுக்கு பதில் தேட நாம கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போகணும். எழும்பூர்ல ராத்திரி ரயில் ஏறினா காலையில நாகர்கோவில். அங்கிருந்து பஸ்ஸுல கொஞ்ச தூரம், மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரை மணல் கறுப்பா இருக்கும். இல்மனைட், கார்னெட், சிர்கான், கூடவே மோனசைட். 1909ல ஷோம்பர்க்ங்கற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து ஏற்றுமதியான கயிற்று நார்ல ஒட்டியிருந்த மணல்ல இந்த மோனசைட்டை அடையாளம் கண்டார். கொஞ்ச நாள்லயே மணவாளக்குறிச்சியில மணலைப் பிரிக்கிற ஆலை வந்துடுச்சு. இன்னைக்கு அங்க இருக்கிறது 1950ல தொடங்கின மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.

மோனசைட்னா என்ன தெரியுமா? லாந்தனைடு பாஸ்பேட். சீரியம், லாந்தனம், நியோடிமியம், கூட தோரியம், எல்லாம் பாஸ்பேட்டோட கட்டிப்பிடிச்சு நிற்கிற கனிமம். மலைப் பாறை உடைஞ்சு, ஆறு அடிச்சுட்டு வந்து, கடல் புரட்டிப் போட்டும் கரையாம நிற்குது. அதைப் பிரிக்கணும்னா சூடான காஸ்டிக் சோடாவுல வேக வைக்கணும். லாந்தனைடுக்கும் பாஸ்பேட்டுக்கும் அவ்வளவு பாசம்.

இப்போ அந்த பஃபரை நினைச்சுப் பாருங்க. துகளோட மேற்பரப்புல லாந்தனைடு. அதைக் கார்பாக்சிலேட் கைகள் லேசா பிடிச்சிருக்கு. பக்கத்துல கோடிக்கணக்கான பாஸ்பேட். பாஸ்பேட் உள்ள புகுந்து, பாலிமரைத் தள்ளிட்டு அந்த இடத்துல உட்காருது. சட்டை போச்சு, முடி போச்சு, துகள் ஒட்டுது. போதாததுக்கு மேற்பரப்பே மெல்லக் கரையவும் ஆரம்பிக்கும். துகள்களை ரொம்ப நீர்க்கச் செய்யறப்போ இந்தக் கரைதல் இன்னும் மோசம். டெஸ்டுக்கு நாம நீர்க்கத்தான் செய்வோம்.

எடுத்தவன்கிட்டயே பூட்டுச் சாவி

தீர்வு எங்க இருந்து வந்ததுன்னு பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. பாஸ்பேட்தான் ஜெயிக்குதுன்னா, பாலிமரோட நுனியிலயும் பாஸ்பேட் மாதிரியே ஒரு கையை வச்சுட்டா? பாஸ்போனேட் கை. ஒண்ணுக்கு இரண்டா இருந்தா பிஸ்பாஸ்போனேட். பெக்னு சொல்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலியோட ஒரு நுனியில இதைக் கட்டி, துகள் மேல போட்டாங்க. பாஸ்பேட் பஃபர்லயும் சட்டை கழலாம நின்னுச்சு.

பிஸ்பாஸ்போனேட்ங்கற பேர் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? எலும்புத் தேய்மானத்துக்கு நம்ம பாட்டிகளுக்கு எழுதிக் கொடுக்கிற அலென்ட்ரோனேட் மாத்திரை இந்தக் குடும்பம்தான். எலும்பு கால்சியம் பாஸ்பேட்டால ஆனது. அந்தக் கால்சியத்தைப் பிடிச்சுக்கத்தான் அந்த மாத்திரை. லாந்தனைடு அயனியோட அளவு கால்சியத்துக்கு ரொம்பக் கிட்ட. அதனால அதே கை இதையும் பிடிக்குது.

ஆனா பாலிமர்னு எதையாவது போட்டா வேலை நடந்துடும்னு நினைக்காதீங்க. ஊர்ல கிணத்துத் தண்ணி கலங்கலா இருந்தா, பாட்டி பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை உரசுவாங்க, பார்த்திருக்கீங்களா? கொஞ்ச நேரத்துல மண்ணெல்லாம் அடியில இறங்கி, மேல தெளிஞ்சிடும். அந்தக் கொட்டையில இருக்கிறதும் நீளமான சங்கிலி மூலக்கூறுகள்தான். ஒரு சங்கிலியோட ஒரு முனை ஒரு களிமண் துகளைப் பிடிக்கும், இன்னொரு முனை இன்னொரு துகளைப் பிடிக்கும். பாலம் மாதிரி. இரண்டும் சேர்ந்து கனமாகி இறங்கிடும். அதே வகைப் பொருள், பால்ல துகளைப் பிரிச்சு வைக்குது, பானையில சேர்த்து வைக்குது. துகளை முழுசா மூடுற அளவுக்குப் பாலிமர் இருந்தா சட்டை, பத்தாம இருந்தா பாலம். அளவுதான் எல்லாம்.

அதிகமா போட்டாலும் வேற தலைவலி. சட்டை ரொம்பத் தடிமனா இருந்தா துகள் பெருசாயிடும், மேல ஆன்டிபாடி ஒட்ட இடம் இருக்காது, ஸ்ட்ரிப்போட நுண்துளைகள்ல மெதுவா நகரும். மெல்லிசா இருந்தா தண்ணி கிட்ட வந்து ஒளியை அணைக்கும். தண்ணியோட ஓ-ஹெச் பிணைப்பு அதிர்ந்து அதிர்ந்தே லாந்தனைடோட ஆற்றலைத் திருடிடும்.

கண்ணுக்குத் தெரியாத திரிதல்

நமக்குப் பழக்கமான பாஷையில சொன்னா, அடியில படியறது கிராஷ். அது நல்ல விஷயம், ஏன்னா தெரிஞ்சிடும். பயப்பட வேண்டியது தெரியாத பக். இரண்டு துகள் மட்டும் ஒட்டியிருக்கு, திரவம் பளிச்சுன்னு தெளிவா இருக்கு. டெஸ்டுல என்ன ஆகும்? ஒரு ட்ரோபோனின் பிடிபட்ட இடத்துல இரண்டு விளக்கு எரியும். இல்லைன்னா ட்ரோபோனினே இல்லாத இடத்துல ஒரு கொத்து சும்மா போய் ஒட்டிக்கும். நோய் இல்லாதவருக்கு பாசிட்டிவ் வரலாம். விளக்கெல்லாம் வழியிலேயே சிக்கிட்டா நெகட்டிவும் வரலாம்.

அதனால ஒளிச்சிதறலை வச்சு அளக்கிறாங்க. லேசரை அடிச்சு, சிதறுற ஒளி எவ்வளவு வேகமா மினுக்குதுன்னு பார்ப்பாங்க. சின்னத் துகள் வேகமா ஆடும், பெரிய கொத்து சோம்பேறியா ஆடும். இந்த முறையில பெரிய கொத்துகள் நல்லாவே தெரியும், ஏன்னா சின்னத் துகள்கள்ல சிதறல் விட்டத்தோட ஆறாவது அடுக்குல ஏறும். 10 நானோமீட்டரை விட 100 நானோமீட்டர் துகள் பத்து லட்சம் மடங்கு அதிகமா சிதறும். அளவுகள்ல கவனிக்க வேண்டியது இதுதான்: தண்ணியில எடுத்த ஒரு அளவை மட்டும் காட்டினா நம்பாதீங்க. பஃபர்ல, சீரத்துல, முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள்னு கேளுங்க. அந்த ஆராய்ச்சி மாணவி இப்போ அப்படித்தான் பண்றாங்களாம். பஃபர் டெஸ்ட் முதல் நாளே.

நம்ம நாட்டுல இந்தத் துகள்கள் எங்க வேலை செய்யுது? மொஹாலியில இருக்கிற நானோ அறிவியல் நிறுவனத்துல எர்பியமும் யிட்டெர்பியமும் சேர்த்த துகள்களை வச்சு, கள்ளநோட்டையும் போலி மருந்தையும் கண்டுபிடிக்க உதவுற மை செஞ்சிருக்காங்க. புற ஊதா ஒளிக்கு ஒரு நிறம், அகச்சிவப்புக்கு வேற நிறம். மைக்கு ஒரு வசதி: அச்சடிச்சு காஞ்சுட்டா துகள் நகராது. அதுவரைக்கும் ஒட்டாம இருந்தா போதும். ரத்தத்துக்குள்ள வேலை செய்யற துகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம மோனசைட்ல சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் நிறைய. இந்தத் துகள்களுக்கு வேண்டிய யிட்ரியம், யிட்டெர்பியம், எர்பியம் ரொம்பக் கொஞ்சம். 2025 ஏப்ரல்ல சீனா ஏழு அருமண் தனிமங்களோட ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டப்போ அதுல யிட்ரியமும் இருந்துச்சு. அதே நேரம், மணல் எடுக்கிற கிராமங்கள்ல தோரியக் கதிர்வீச்சு பத்தியும் கடல் அரிப்பு பத்தியும் மக்கள் பயந்து கேள்வி கேட்கிறாங்க. ஒரு சொட்டு ரத்தத்துக்கான விளக்குக்குப் பின்னாடி ஒரு கடற்கரையும் இருக்கு. அது தனி எபிசோடுக்கான விஷயம், கண்டிப்பா பண்றேன்.

அந்த நாற்காலிக்கே திரும்புவோம். மூணு மணி நேரம் ஒரு மணி நேரமாகணும்னா, ஆம்புலன்ஸ்லயே பார்க்கணும்னா, பிரகாசமான விளக்கு மட்டும் போதாது. அந்த விளக்கு ரத்தத்துக்குள்ள போயும் திரியாம இருக்கணும். பாலுக்குத் தெரிஞ்ச அந்த வித்தையைத்தான் இத்தனை பேர் உட்கார்ந்து கத்துக்கிட்டிருக்காங்க.

வீட்டுப்பாடம்: இரண்டு டம்ளர்ல பால், ஒண்ணுல அரை எலுமிச்சம்பழம். பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் ஒரு சீரியஸ் விஷயம்: யாருக்காவது நெஞ்சு அழுத்தம் இருந்தா கேஸ்தான்னு சோடா குடிச்சுட்டுப் படுக்க விடாதீங்க. கிளம்புங்க. இரண்டாவது டெஸ்டுக்குக் காத்திருக்கச் சொன்னா, காத்திருங்க. அந்த மூணு மணி நேரத்துக்குக் காரணம் இருக்கு.

போறதுக்கு முன்னாடி பாலை மட்டும் ஃபிரிட்ஜ்ல வச்சுடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.